சூரனுக்கும் ஆட இடம் வேண்டும்

“அதெல்லாம் முதலே பேசி வைத்த சண்டை.” றெஸ்லிங் பற்றிப் பேச்சு எழுந்தால், படித்தவர்கள் கூடிய இடத்தில் முதலில் விழும் வசனம் இது. இரண்டாவது வசனம் இரக்கத்தோடு வரும்: “பாவம் சனம், மெய்யென்று நம்பிப் பார்க்குது.” பழைய பிரிட்டிஷ் மல்யுத்த மேடைகளைப் பற்றிக் கொஞ்சம் அறிந்தவர் என்றால் மூன்றாவதும் வரும்: “முந்நூறு கிலோ மனிதனுக்கு முன்னால் அவனில் மூன்றிலொரு பங்குகூட எடையில்லாத பொடியனை நிறுத்திக் காசு பறித்தார்கள். அதுவா விளையாட்டு?” மூன்றையும் நான் மறுக்கிறேன். மட்டக்களப்பு வாவிக்கரையில் பிறந்து வளர்ந்த ஒருவர் இவற்றை ஒப்புக்கொண்டால், தன் ஊரின் ஐப்பசி மாதத்தையே தள்ளிவைக்க வேண்டிவரும்.

கந்தசஷ்டியின் ஆறாம் நாள் பின்னேரம், வாவிக்குக் கிழக்கே எழுவான்கரையிலும் மேற்கே படுவான்கரையிலும் முருகன் கோயில் வீதிகளில் நடப்பது என்ன? ஒரு பக்கம் வேல் ஏந்திய பாலகன். மறுபக்கம் இளந்தாரிகள் தோளில் சுமந்து வரும் சூரன். அவன் உடம்பும் பெரிது, மீசையும் பெரிது, விழியும் பெரிது. யானைமுகம் விழும், சிங்கமுகம் விழும், சூரனின் சொந்த முகம் வரும். அவன் மாமரமாய் நிற்பான், பிளப்பான், சேவலும் மயிலும் ஆவான். இந்த வரிசை பால்குடி மறந்த பிள்ளைக்கும் தெரியும். முருகன் தோற்ற வருடம் என்று ஒன்று கிடையாது. தோற்றுவிடுவாரோ என்ற பயத்தில் எவரும் கோயிலுக்கு வந்ததும் இல்லை. சோடிப் பொருத்தம் என்று பார்த்தால் உலகத்தில் இதைவிடப் பொருந்தாத சண்டை இருக்க முடியாது. முடிவைப் பேசி வைத்தது நேற்று முந்தநாள் அல்ல, கந்தபுராணம் எழுதப்பட்டதற்கும் முன்பு. ஆனாலும் வீதி கொள்ளாத சனம் வருகிறது.

அந்தச் சனம் எதைப் பார்க்கிறது என்று நின்று கவனித்தவர்களுக்குத் தெரியும். சூரனைச் சுமக்கும் பொடியன்கள் அவனை முன்னே பாயவிட்டு, பின்னே இழுத்து, வீதியின் இந்த மூலைக்கும் அந்த மூலைக்கும் ஓட்டி, முருகனின் முகத்துக்கு நேரே கொண்டுவந்து தலையை ஆட்டி நக்கல் காட்டித் திருப்புவார்கள். அந்த நேரத்தில் எழும் ஆரவாரம் வேல் படும் நேரத்து அரோகராவுக்குச் சற்றும் குறையாது. நல்ல சூரன் ஆடிய வருடத்தைப் பற்றி ஊர் மாதக்கணக்கில் பேசும். சூரனைப் பழுதாக ஆட்டிய பொடியன்களை அடுத்த சஷ்டி வரை ஏசும். முடிவில் ஒரு வித்தியாசமும் இல்லாதபோது ஒரு வருடத்தை மற்ற வருடத்திலிருந்து பிரித்துப் பார்க்கத் தெரிந்த இந்த மனிதர்களையா ஏமாந்தவர்கள் என்கிறீர்கள்?

ஏமாற்று என்பது மறைத்த ஒன்றைப் பற்றிய குற்றச்சாட்டு. மறைவு வெளிப்பட்டால் ஏமாந்தவர் கோபித்து எழுந்து போக வேண்டும். மல்யுத்தத்தில் அந்தச் சோதனை நடந்து முடிந்துவிட்டது. 1985இல் ஜாக்கி பலோ என்ற பிரபல பிரிட்டிஷ் மல்லர் தன் வாழ்க்கைக் கதையை எழுதி, மேடைச் சண்டைகள் முன்கூட்டியே ஒழுங்கு செய்யப்படுபவை என்பதை அச்சில் போட்டார். 1989இல் அமெரிக்காவின் டபிள்யூ.டபிள்யூ.எஃப் நிறுவனம் நியூ ஜேர்சி மாநிலச் சட்டமன்றத்தின் முன், தன் நிகழ்ச்சி போட்டியல்ல, கேளிக்கை என்று தானாகவே ஒப்புக்கொண்டது. விளையாட்டுக்கு உரிய கட்டுப்பாடுகளும் வரிகளும் தன்மேல் விழாமல் இருப்பதற்காகச் செய்த காரியம் அது. அதன்பின் என்ன நடந்தது? 1992 ஆகஸ்ட் 29 அன்று லண்டன் வெம்பிளி மைதானத்தில் அதே நிறுவனத்தின் சண்டையைப் பார்க்க 80,000 பேர் கூடினார்கள். அன்று கடைசிச் சண்டையில் வென்ற டேவி பாய் ஸ்மித், 1970களின் இறுதியில் பிரிட்டிஷ் தொலைக்காட்சியின் சனிக்கிழமை மேடைக்குப் பதின்வயதுப் பொடியனாக ஏறியவர். தோற்ற பிரெட் ஹார்ட் அவருடைய மைத்துனர். மைத்துனனும் மைத்துனனும் பேசி ஆடும் ஆட்டம் என்று தெரிந்தே வந்த கூட்டம் அது. இரகசியம் உடைந்ததும் கலையாத கூட்டத்தை, இரகசியத்தால் கட்டிவைத்த கூட்டம் என்று எப்படிச் சொல்வது?

பொருந்தாத சோடி பற்றிய குற்றச்சாட்டுக்கும் இதே பதில்தான். 1930களில் பிரிட்டனில் நடந்த கட்டுப்பாடற்ற மல்யுத்தம் முரட்டுத்தனத்துக்குப் பேர்போனது. அதனால் லண்டனிலேயே அதற்குத் தடை வந்தது. போருக்குப் பிறகு, 1947இல், மவுண்ட்இவான்ஸ் பிரபுவின் பெயரால் விதிகள் வகுக்கப்பட்டன. ஏழு எடைப்பிரிவுகள், சுற்றுகள், இரண்டு வீழ்த்தல் அல்லது இரண்டு சரணடைதல் அல்லது எழ முடியாத அடி என்று வெற்றிக்கு ஒரு கணக்கு. அதே ஒழுங்குக்குள்தான் எடைப்பிரிவு பாராத மோதல் என்ற வகையும் இருந்தது. அதை ஒளித்து நடத்தவில்லை. மேடை அறிவிப்பாளர் ஒலிவாங்கியைப் பிடித்து இரு மல்லரின் எடையையும் வாசித்து, இது பிரிவு பாராத மோதல் என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்ன பிறகே மணி அடிக்கும். இதைவிட நேர்மையாக ஒரு சமனின்மையை எப்படி அறிவிப்பது?

உண்மையான ஏமாற்று எது என்று எங்களுக்குத் தெரியும். கிரிக்கெட் ஆட்டத்தில் ஓட்டத்தையும் விக்கெட்டையும் தரகனுக்கு விற்பது ஏமாற்று. ஏனென்றால் அங்கே ஆடுகிறவன் பார்வையாளனுக்குக் கொடுத்த வாக்கு வேறு: முடிவு எனக்கும் தெரியாது, இரண்டு பேரும் சேர்ந்து கண்டுபிடிப்போம் என்பது அந்த வாக்கு. அதை உடைப்பதை இலங்கை 2019இல் தனிச் சட்டம் போட்டுக் குற்றமாக்கியது. சரியான சட்டம். ஆனால் அந்தச் சட்டத்தைக் கொண்டுபோய்ச் சூரன்போர் நடத்தும் கோயில் பரிபாலன சபைமீது வழக்குப் போட எவரும் நினைக்கமாட்டார்கள். வாக்கு வேறு என்பதே காரணம். மல்யுத்த மேடை சூரன்போரின் பக்கத்தில் நிற்கிறது. அதைக் கிரிக்கெட்டின் பக்கத்தில் வைத்து அளந்துவிட்டுக் குறை சொல்வது, அளந்தவரின் தவறு.

“எங்கள் சனத்துக்கு இந்த வித்தியாசம் விளங்குமா?” என்று கேட்பவர்களும் உண்டு. கொம்புமுறியைப் பெற்ற மண்ணில் நின்றுகொண்டு இப்படிக் கேட்பது அநியாயம். கண்ணகை அம்மன் கோயில்களைச் சுற்றி நடந்த இந்தச் சடங்கு விளையாட்டை இன்றைய பிள்ளைகளில் பலர் கண்ணால் கண்டிருக்கமாட்டார்கள். தேற்றாத்தீவுக் கொம்புச்சந்திப் பிள்ளையார் கோயிலின் பெயரில் அது இன்னும் இருக்கிறது. வீ. சீ. கந்தையா 1964இல் வெளியிட்ட ‘மட்டக்களப்புத் தமிழகம்’ நூலில் அதைப் பதிந்து வைத்திருக்கிறார். ஊர் இரண்டாகப் பிரியும்: வடசேரி கோவலன் பக்கம், தென்சேரி கண்ணகி பக்கம். வைரமான மரத்தில் வளைவாக வெட்டி எடுத்த இரண்டு கொம்புகளை ஒன்றோடொன்று கொளுவி, வடம் பூட்டி, இரு சேரியாரும் இழுப்பார்கள். எந்தச் சேரியின் கொம்பு முறிகிறதோ அந்தச் சேரி தோற்றது. மழை பொய்த்தபோதும் வைசூரி போன்ற நோய்கள் பரவியபோதும் அம்மனைக் குளிரப்பண்ண இதை ஆடினார்கள்.

இந்தப் போட்டியின் முடிவு எவருக்கும் முன்கூட்டித் தெரியாது. மரத்தின் வைரமும் வடத்தின் இழுவையும்தான் தீர்மானிக்கும். அதனால்தான் அது பொல்லாத விளையாட்டாக இருந்தது. வென்ற சேரி தோற்ற சேரியை வசைப்பாட்டால் உரித்தெடுக்கும். ஒரே ஊருக்குள், உறவுக்குள், பாட்டுக்குப் பாட்டு ஏறி, கைகலப்பு வரை போனதும் உண்டு. ஆக, முடிவு தெரியாத போட்டி என்றால் என்ன, அது மனிதரை என்ன பாடு படுத்தும் என்பதை வாவிக்கரைச் சனம் நன்றாக அறியும். அதே சனம், அதே வருடத்தில், முடிவு தெரிந்த சூரன்போரையும் பார்த்தது. கொம்பு முறிந்தபோது கோபித்தது, சூரன் விழுந்தபோது கும்பிட்டது. இரண்டுக்கும் தனித்தனி மனதை வைத்திருந்தது. வித்தியாசம் விளங்காதவர்கள் என்று அவர்களைப் பற்றிச் சொல்வதற்கு எந்த ஆதாரமும் இல்லை.

இனி, பொருந்தாத சோடியை ஏன் மேடையேற்ற வேண்டும் என்ற கேள்வி. சமமான இருவர் மோதினால் யார் வெல்வார் என்ற ஒரே கேள்வியில் கண் நிற்கும். சமமில்லாதவர் மோதும்போது அந்தக் கேள்வி முதலிலேயே கழன்றுவிடுகிறது. அந்த இடத்தில் வேறு கேள்விகள் வந்து உட்காருகின்றன. சின்னவன் எவ்வளவு நேரம் தாக்குப்பிடிப்பான்? எதை வைத்துத் தாக்குப்பிடிப்பான்? பெரியவன் தன் பலத்தை எப்படி வைத்துக்கொள்வான், கர்வமாகவா, வெட்கத்தோடா? எங்கள் வடமோடிக் கூத்துகள் முழுக்க முழுக்க இந்தக் கேள்விகளால் ஆனவை. அபிமன்யு தனிப் பிள்ளை. அவனைச் சூழ நிற்பவர்கள் துரோணரும் கர்ணனும் துரியோதனனும். பப்பிரவாகன் கூத்தில் மகனுக்கு எதிரே நிற்பவன் பெற்ற தகப்பன் அருச்சுனன். எடையிலும் வயதிலும் பேரிலும் எந்தப் பொருத்தமும் இல்லை. வட்டக்களரியைச் சுற்றி விடிய விடிய உட்கார்ந்திருப்பவர்களுக்கு அபிமன்யு சாவான் என்று தெரியும். மத்தளம் வேகம் கொள்ள, அந்தப் பிள்ளை சுற்றிச் சுற்றி ஆடி ஒவ்வொரு மகாரதனுக்கும் தரு என்ற கூத்துப் பாட்டால் பதில் சொல்லும்போது அழுதுகொண்டிருக்கும் ஒரு கிழவியிடம் போய், “ஆச்சி, இது முதலே எழுதி வைத்த கதை” என்று சொல்லிப் பாருங்கள். “தெரியும் மனே, சும்மா இரி” என்பார். எனக்கு அப்படித்தான் சொன்னார்கள்.

மறுதரப்பில் கனமான வாதம் ஒன்று உண்டு. அதை இகழ்ச்சிக்காரர்கள் சொல்வதில்லை, மல்யுத்தத்தை நேசித்தவர்கள் சொல்கிறார்கள். பழைய பிரிட்டிஷ் மேடையில் கைப்பிடிக்குக் கைப்பிடி மறுபிடி போடும் நுணுக்கக்காரர்கள் இருந்தார்கள், 1975க்குப் பிறகு பொருந்தாத சோடிகள் வந்து அந்தக் கலையைக் கொன்றுவிட்டன என்பது அவர்களுடைய வாதம். அவர்கள் சுட்டுவது ஷேர்லி கிராப்ட்ரீ என்ற பிக் டாடியை. அவருடைய தம்பி மக்ஸ் கிராப்ட்ரீ போட்டிகளை ஒழுங்கு செய்பவராக வந்தபின், அண்ணன் தோற்கவே தோற்காத நாயகனானார். வாராவாரம் ஒரே வடிவம்: பக்கத்தில் ஒரு மெலிந்த இளைஞன், எதிரே இரண்டு முரடர்கள். இளைஞன் அடிவாங்கி அடிவாங்கித் தவழ்ந்து வந்து அண்ணன் கையைத் தொடுவான். அண்ணன் உள்ளே வருவார், வயிற்றால் இரண்டு முட்டு, மேலே ஒரு விழுகை, முடிந்தது. 1981இல் வெம்பிளி அரினாவில் அவருக்கும் ஜயன்ட் ஹேஸ்டாக்ஸ் என்ற மார்ட்டின் ருவேனுக்கும் நடந்த சண்டைக்காக இங்கிலாந்து முழுதும் காத்திருந்தது. ஹேஸ்டாக்ஸ் ஏழடிக்கு ஓர் அங்குலமே குறைந்தவர், உச்சத்தில் முந்நூறு கிலோ எடை எட்டியவர். அந்தச் சண்டை மூன்று நிமிடம்கூட நீடிக்கவில்லை. 1988 இறுதியில் தொலைக்காட்சி மல்யுத்தத்தையே நிறுத்திக்கொண்டது.

இந்த வருத்தம் நியாயமானது. ஆனால் நோயை அவர்கள் தவறான இடத்தில் காண்கிறார்கள். பொருந்தாத சோடி என்பதால் அந்த மேடை சாகவில்லை. முடிவு தெரிந்திருந்ததாலும் சாகவில்லை. இரண்டும் எங்கள் கோயில் வீதியிலும் உண்டு, கூத்துக் களரியிலும் உண்டு, அவை சாகவில்லை. வெம்பிளியில் நடந்தது என்னவென்றால், சூரனுக்கு ஆட இடம் கொடுக்கவில்லை. யானைமுகம் இல்லை, சிங்கமுகம் இல்லை, மாமரம் இல்லை. வந்தான், விழுந்தான். ஒரு தடவையாவது பிக் டாடி திணறுகிறார், இந்த மலையை அவரால் அசைக்க முடியாது என்று பார்ப்பவரின் நெஞ்சு ஒருகணம் நம்ப இடமில்லை. எதிரியின் ஆட்டத்தை வெட்டிவிட்டு நாயகனின் வெற்றியை மட்டும் காட்டியதால் வெற்றியும் வெறுமையாகிப் போயிற்று.

எங்கள் மரபு இதை முழுதும் அறிந்திருந்தது. வடமோடியில் தோற்கப்போகிறவனின் வரவாட்டத்தை எவரும் குறைப்பதில்லை. கொலு வரவு, ஆட்டத்தின் எடுப்பு, கரப்புடுப்பு என்ற பாரமான கூத்து உடையின் கம்பீரம் எல்லாம் அவனுக்கும் உண்டு, பல கூத்துகளில் அவனுக்கே அதிகம் உண்டு. பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களில் பேராதனைப் பல்கலைக்கழக மாணவரைக் கொண்டு மட்டக்களப்புக் கூத்தை நவீன அரங்குக்குக் கொண்டுபோனபோது மேடையேற்றியவற்றின் பெயர்களைப் பாருங்கள்: ‘கர்ணன் போர்’, ‘இராவணேசன்’, ‘வாலி வதை’. மூன்றும் தோற்றவர்களின் பெயர்கள். வந்தாறுமூலைச் செல்லையா அண்ணாவியார் பழக்கிய ஆட்டத்தில், இளைஞரான மௌனகுரு இராவணனாக ஆடினார். அந்த இராவணன் இராமனுக்குச் சமமாகவும் சில இடங்களில் மேலாகவும் மேடையை நிறைத்தான். சாவான் என்பது தெரிந்ததால் பார்வையாளர் அவனை ஒரு அசைவும் தவறவிடாமல் பார்த்தார்கள்.

பிரிட்டனிலும் இதை அறிந்த மல்லர்கள் இருந்தார்கள். பிக் டாடியின் பக்கத்தில் அடிவாங்கும் பொடியன்களாக நின்றவர்களில் சம்மி லீ என்ற பெயரில் வந்த யப்பானியர் சதோரு சயாமாவும் ஒருவர். 1981இல் ஊருக்குத் திரும்பி டைகர் மாஸ்க் என்ற புலிமுகமூடி அணிந்து, இங்கிலாந்தின் டைனமைட் கிட்டோடு அவர் ஆடிய சண்டைகள் உலக மல்யுத்தத்தின் வேகத்தையே மாற்றின. பொருந்தாத சோடி கலையைக் கொல்கிறது என்பவர்கள், அந்தச் சோடியின் சின்னப் பாதியில் நின்றவர்கள் பின்னர் என்ன ஆனார்கள் என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

“எல்லாம் நடிப்பு” என்பதில் இன்னொரு அநியாயமும் ஒளிந்திருக்கிறது. முடிவுதான் பேசி வைத்தது, உடம்பு பேசி வைத்ததல்ல. 1987 ஆகஸ்டில் கிரேட் யார்மத் நகரில் பிக் டாடி மேலே விழுந்து சண்டையை முடித்தபின் மல் கேர்க் என்ற மல்லர் எழுந்திருக்கவில்லை. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியில் இறந்துபோனார். அவருக்கு முன்பே இதய நோய் இருந்ததாக மரண விசாரணையில் தெரியவந்தது. தோற்பதற்கென்றே மேடையேறிச் சம்பளம் வாங்கிய மனிதர் அவர். அவர் விழுந்த பலகை மெய்யான பலகை. கூத்திலும் இப்படித்தான். கரப்புடுப்பின் பாரத்தைச் சுமந்து இரவு முழுதும் ஆடி, விடியப்புறம் களரியில் விழுகிறவனின் கால் மெய்யாகவே வீங்கியிருக்கும். சட்டம் என்ற பாட்டு ஏட்டைக் கையில் கொடுத்த நாளிலிருந்து சதங்கை அணிந்து அரங்கேறும் நாள் வரை, பகலில் வயலிலும் வாவியிலும் உழைத்துவிட்டு இரவில் பழகிய உடம்பு அது. அந்த உழைப்பைப் போலி என்பவர் ஒருதரம் சூரனைத் தோளில் வைத்துப் பார்க்கட்டும்.

முடிவு தெரிந்த ஆட்டத்தை ரசிக்கும் இந்தப் பார்வை எங்கள் சனத்தின் தனிச்சொத்தும் அல்ல. இந்தியாவில் தாரா சிங் 180 கிலோவைத் தாண்டிய கிங் காங்கைத் தூக்கி எறிந்த சண்டைகள் 1950களில் பெருங்கூட்டத்தை இழுத்தன. ஐரோப்பாவில் பிறந்து ஆசியா முழுதும் ஆடித் திரிந்து, 1970இல் சிங்கப்பூரில் இறந்த அந்தக் கிங் காங்கை, சனம் வெறுப்பதுபோல நேசித்தது. 1968இல் பம்பாயில் லூ தெஸ் என்ற மல்லரைத் தாரா சிங் வென்றார். இருபது வருடம் கழித்து அதே தாரா சிங் தூரதர்ஷன் இராமாயணத்தில் அனுமனாக வந்து நின்றபோது, மல்லன் எப்படி அனுமன் ஆகலாம் என்று எவரும் கேட்கவில்லை. கிங் காங்கைத் தூக்கியவன் மலையைத் தூக்குவது கோடிக்கணக்கானவர்களுக்கு ஒரே ஆட்டத்தின் தொடர்ச்சியாகத் தெரிந்தது.

கேளிக்கை பார்க்கும் ஏழைகளைப் பார்த்து ‘ஏமாந்த சனம்’ என்று சொல்லும் குரல் புதியதல்ல. கூத்தைப் பட்டிக்காட்டான் ஆட்டம் என்று ஒதுக்கிய குரல் அதுதான். வித்தியானந்தன் அதைப் பல்கலைக்கழக மேடையில் ஏற்றும்வரை படித்த வீடுகளில் கூத்துக்கு மதிப்பிருக்கவில்லை. இன்று அதே வீடுகளின் பிள்ளைகள் கூத்தில் ஆய்வுப் பட்டம் வாங்குகிறார்கள். இது நல்லது. ஆனால் பழைய இகழ்ச்சி வேறு வேடத்தில் திரும்பி வந்திருக்கிறது. பாடசாலை விழாவுக்கும் தமிழ்த்தினப் போட்டிக்கும் கூத்துப் பழக்கும் இடங்களில், நேரம் போதாது என்று முதலில் வெட்டப்படுவது சண்டை ஆட்டமும் தோற்பவனின் தருவும். “யார் வெல்வது என்று எல்லாருக்கும் தெரியுந்தானே, அதைச் சுருக்குங்கோ” என்று அண்ணாவியாரிடம் சொல்கிறார்கள். வெம்பிளியின் மூன்று நிமிடத்தை எங்கள் களரிக்குக் கொண்டுவரும் வேலை இது. நேரம் குறைவென்றால் கட்டியக்காரனின் அறிவிப்பைக் குறையுங்கள், வரவேற்புரையைக் குறையுங்கள், பொன்னாடைகளை அடுத்த நாளைக்கு வையுங்கள். அபிமன்யுவின் கடைசி ஆட்டத்திலும் இராவணனின் கடைசி ஆட்டத்திலும் ஒரு தாளக்கட்டைக்கூடத் தொடாதீர்கள்.